வழக்கமாக வசிப்பவர்

பாலையூற்றில் பஸ்ஸை விட்டு இறங்கினால்
தார் றோட்டு முடியும்வரை டவுன்.
பிறகு கிரவல். அதற்குப் பிறகு வயல்.
இரண்டுக்கும் நடுவில் என் வட்டாரம்.
நூற்றுப் பதினொரு வீடு என்கிறது வரைபடம்.
நேவிக்காரரின் வேலிக்கு அப்பால்
அந்த வரைபடமும் வெள்ளையாய் விட்டுவிடுகிறது.

சுவர் எதனால் ஆனது?
ஒரு விடைக்குத்தான் கட்டம் உண்டு.
தேவமனோகரி வீட்டின் முன்சுவர் சீமெந்துக் கல்,
பக்கங்கள் தகரம்,
பின்னால் ஒரு நீலத் தரப்பாள்.
அதில் எழுதியிருந்த நிறுவனத்தின் பெயர்
வெயிலில் உரிந்து
கடைசி இரண்டு எழுத்துத்தான் மிச்சம்.
"கல் எண்டு போடுங்கோ மிஸ்,
இந்தப் போகம் நெல்லு வித்தா மற்றச் சுவரும் எழும்பும்."
போட்டேன்.
நெல் இன்னும் கதிர் தள்ளவில்லை,
அரசாங்கத்தின் கணக்கில் அவளுக்கு நாலு சுவர்.

ரெஜினா அந்திராதோ
நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்த்தா.
"பறங்கியர் எண்டு வடிவா எழுதுங்கோ.
போனமுறை வந்த பெடியன்
ஏனையோர் எண்டு போட்டிட்டுப் போட்டான்.
பத்து வருசமா நாங்கள் ஏனையோர்."
அடுப்பில் சொதி பொங்கி வழிந்தது.
ஓடும்போது அவ வாயில் வந்த வசவு
சுத்தமான தமிழ்.
வீட்டில் பேசும் மொழியைக் கேட்காமலே நிரப்பினேன்.

சந்தியில் ஒரு வாடகை அறை.
ஏழு பேர், நாலு கட்டில்.
ஹோட்டல் வேலை, மா மில் வேலை,
ஊர் வெலிமடை, ஊர் வாகரை, ஒருவனுக்கு மன்னம்பிட்டி.
ஒருவன் எழும்பிய சூட்டில் இன்னொருவன் படுக்கிறான்.
நேற்று இரவு பன்னிரண்டு மணிக்கு
எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.
ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.
எனக்குக் கொஞ்சம் வெட்கமாய்ப் போயிற்று.

தொண்ணூற்றெட்டுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் இடையில் வேலி.
வேலி போய் நிற்கிற இடத்தில் கிணறு.
கிணற்றுக்கு அந்தப் பக்கம் மறுபடி வேலி.
இங்கே ஜெசீமா, மஞ்சள் கயிறு.
அங்கே குசுமாவதி, பச்சைக் கயிறு.
குடிநீர் எங்கிருந்து?
வளவுக்குள் கிணறு, சொந்தம் என்றாள் இவள்.
அவளும் அதையே சொன்னாள், அவளுடைய மொழியில்.
கிணறுகள் இரண்டு என்று பதிந்தேன்.
கச்சேரிக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும்
இனி அவை இரண்டுதான்.
ஆவணியில் இரண்டும் ஒரே நாளில் வற்றும்.
பவுசர் வரும்,
வாளிகள் ஒரே வரிசையில் நிற்கும்.
அதற்கு என்னிடம் கேள்வி இல்லை.

ஜெசீமாவின் புருஷன் டோஹாவில்.
ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் என்றால்
வழக்கமாக வசிப்பவர் இல்லை என்றேன்.
அவருடைய மோட்டார் சைக்கிள் போர்வை போர்த்து நிற்கிறது.
வெள்ளிக்கிழமைகளில் கழுவுகிறார்களாம்.
"அவர் அனுப்பின காசிலதான் கூரை.
அதையும் எழுதாம உடுவீங்களா?"
கூரையை எடுத்தேன், ஓடு.
ஆளை விட்டேன்.
அவள் தந்த பிளேன்ரீயில் சீனி கூட.

கடைசி வீடு மூன்று நாளாய்ப் பூட்டு.
ஆனால் கொடியில் உடுப்பு மாறுகிறது.
முந்தாநாள் ஒரு சிவப்புச் சேலை,
இன்றைக்கு இரண்டு சின்ன வெள்ளைச் சட்டை.
"பையும் பைலுமா ஆர் வந்தாலும் அவ திறக்கமாட்டா,"
என்றார் மதிலால் எட்டிப் பார்த்த அயல்வீட்டுக்காரர்.
"கிழமைக் கடன்காரர். செவ்வாய் ஒருத்தன், வியாழன் ஒருத்தன்."

அடையாள அட்டையை முன்னால் இழுத்துவிட்டு
படலையில் நின்று கூப்பிட்டேன்:
"அக்கா, கடன் இல்லை, கணக்கு."
சொன்ன பிறகுதான் யோசித்தேன்,
அவளுக்கு இரண்டும் ஒன்றாய்த்தான் கேட்டிருக்கும்.

கதவு அசையவில்லை.
உள்ளே ஒரு குழந்தை தும்மியது.
உடனே யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

கொடியில் இரண்டு, தும்மல் ஒன்று,
பொத்திய கை ஒன்று.
பென்சிலால் மூன்று என்று மெல்லிசாய் எழுதி,
பக்கத்தில் கேள்விக்குறி போட்டு,
கிரவலில் இறங்கினேன்.
நாளைக்குச் செவ்வாய்.
புதன் வரலாம்.